வட்டத்துக்குள் ஒரு புள்ளி

2024 டிசம்பரில் வேலூரிலிருந்து ஒரு மருத்துவக் கட்டுரை உலகத்துக்குப் போனது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவருடைய குழுவினரும் எழுதியது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' உள்ள ஐந்து ஆண்களைப் பற்றியது. வயது 22 முதல் 41 வரை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியை இவர்கள் உடம்பு செய்யாது. ஊரில் இதை 'ஃபேக்டர் எட்டு' என்பார்கள். அவர்களுடைய ரத்தக் குருத்தணுக்களையே எடுத்தார்கள். தீங்கு செய்யும் திறன் நீக்கப்பட்ட ஒரு வைரஸை வண்டியாக்கி, எட்டாம் காரணிக்கான மரபணுவை அந்த அணுக்களுக்குள் இறக்கினார்கள். கடும் மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, திரும்பச் செலுத்தினார்கள். பிறகு எண்ணத் தொடங்கினார்கள். ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பு. ஆண்டுக்கு எத்தனை முறை ரத்தக்கசிவு என்ற கணக்கில், ஐவருக்கும் வந்த எண் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால் இந்த நோயுள்ள ஒரு பையனின் முழங்காலைப் பார்த்திருக்க வேண்டும். வெட்டுக்காயத்தில் ரத்தம் கொட்டிச் சாவதுதான் ஹீமோஃபிலியா என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. விழாமலே, இடிபடாமலே, மூட்டுக்குள் ரத்தம் கசியும். முழங்கால், கணுக்கால், முழங்கை வீங்கும். சில ஆண்டுகளில் மூட்டு இறுகிவிடும். வெளிநாட்டில் ஏற்கெனவே விற்பனைக்கு வந்த மரபணு சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்காவில் வைத்த விலை 29 லட்சம் டாலர். அந்த முறை வேறு வகை வைரஸை நம்புகிறது. அந்த வைரஸுக்கு உடம்பில் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அது பயன்படாது. வேலூர்க் குழு வேறு பாதையில் போனது. ஐந்து பேரை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். அந்தக் கட்டுரையும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் இது பெரிய காரியம். இந்தக் கட்டுரை குறை சொல்லும் கட்டுரையாக வாசிக்கப்பட்டாலும் அந்த மகிழ்ச்சியில் எனக்குப் பங்கு உண்டு என்பதை முதலிலேயே பதிந்துவிடுகிறேன்.

நான் பேச விரும்புவது அந்த ஐந்து பேரைப் பற்றியல்ல. ஐந்து பேருக்கும் அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மருத்துவப் புத்தகம் சட்டென்று சொல்லும் பதிலைப் பற்றி. அம்மாவிடமிருந்து.

மரபுநோய்க் குடும்பங்களின் படத்தை நீங்கள் கல்லூரியில் வரைந்திருப்பீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவர் என்றால் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஹீமோஃபிலியா மரபணு உள்ள பெண்ணுக்கு வட்டத்தை நிரப்ப மாட்டோம். நடுவில் ஒரு புள்ளி மட்டும் வைப்போம். நோய் இல்லை, ஆனால் உள்ளே வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். நெற்றிப் பொட்டு மாதிரி பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் நாம் கொடுத்த பெயர் 'கடத்தி'. மின்சாரத்தைக் கடத்தும் செம்புக் கம்பிக்கும் அதே சொல். தங்கம் கடத்துகிறவருக்கும் அதே வேர்ச்சொல். கம்பிக்கு வலிக்காது. கடத்துகிறவர் குற்றவாளி. இந்த இரண்டு அர்த்தமும் அந்தப் பெண்ணின் தலையில் ஒன்றாக விழுகின்றன: உனக்கு ஒன்றுமில்லை, ஆனால் நீதான் கொண்டுவந்தாய்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1803இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் ஓட்டோ, சில குடும்பங்களில் ஆண்கள் மட்டும் ரத்தம் கசிந்து துன்பப்படுவதையும், பெண்கள் நோயின்றி அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதையும் எழுதினார். அன்றைக்கு மரபணு தெரியாது, குரோமோசோம் தெரியாது. கூர்ந்து பார்த்தார் என்ற பெருமை அவருக்குரியது. ஆனால் அந்த வாக்கியம் 200 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நடந்து வந்து நம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் உட்கார்ந்திருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இந்த நோய்க்கு ஒரு பத்திதான். பெண்ணுக்கு ஹீமோஃபிலியா வருவது மிக மிக அரிது என்று அது சொல்கிறது. காரணமும் தருகிறது: அப்படி ஒரு பெண் பிறக்க அம்மா குறைந்தபட்சம் கடத்தியாகவும் அப்பா நோயாளியாகவும் இருக்க வேண்டும். நோயாளியான அப்பாவைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, அவர் பிற்காலம்வரை பிழைத்திருக்க மாட்டார் என்ற பொருளில். அடுத்து விக்டோரியா மகாராணியின் வம்சம். பத்தி முடிந்தது.

வேலூர்க் கட்டுரையின் மூத்த நோயாளிக்கு 41 வயது. காரணியை ஊசியாகப் போடக் கிடைக்கும் காலத்தில் இந்த ஆண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் சாகடிக்கப்பட்ட அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் உயிரோடு இருந்தால் அந்தப் பத்தியின் கணக்கு முழுவதும் மாறிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'அம்மாதான் கொண்டுவந்தாள்' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார். ஜே.பி.எஸ். ஹால்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் தொடங்கிப் பின் செவ்விலக்கியம் படித்தவர், உயிரியலைக் கணிதத்தால் பேசவைத்தவர்களில் ஒருவர். 1957இல் இந்தியா வந்து, இங்கேயே வாழ்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். தென்னிந்தியாவின் சொந்தக் கல்யாணங்களில் அவருக்கும் அவருடைய ஆந்திர மாணவர்களுக்கும் ஆர்வம் இருந்தது என்பது ஓர் உபரிச் செய்தி.

1935இல் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஹீமோஃபிலியா உள்ள ஆண்களில் பெரும்பாலோர் குழந்தை பெறும் முன்பே இறந்துவிடுகிறார்கள். அப்படியானால் இந்த நோய் ஏன் இன்னும் அழியவில்லை? மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. ஆக உலகத்தில் உள்ள எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களிடம், ஒரு பங்கு ஆண்களிடம். ஆணிடம் உள்ள கெட்டுப்போன மரபணு அவனோடு போய்விடுகிறது. அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் மூன்றில் ஒரு பங்கு அழிகிறது. இப்படி அழிந்துகொண்டே போனால் சில தலைமுறைகளில் நோய் கிட்டத்தட்ட இல்லாமல் போக வேண்டும். போகவில்லை. ஆகவே அழிகிற அதே அளவு எங்கோ புதிதாகப் பிறந்துகொண்டிருக்க வேண்டும். பானையில் ஓட்டை இருந்தும் நீர்மட்டம் இறங்கவில்லை என்றால் யாரோ ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? லண்டன் தரவுகளை வைத்து, ஏறக்குறைய 50,000 பிறப்புகளுக்கு ஒரு முறை இந்த மரபணு தானாகவே பழுதாகிறது என்று அவர் மதிப்பிட்டார். மனித மரபணு ஒன்று எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று போட்ட முதல் கணக்குகளில் இது ஒன்று.

இந்தக் கணக்கை வீட்டு மொழியில் சொல்லிப் பாருங்கள். நோயுள்ள பையன்களில் கணிசமான பங்கினரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. அம்மாவின் தாய்வீட்டில் தோண்டித் தோண்டிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. அது யாருடைய வீட்டு ரத்தமும் இல்லை. எழுத்துப்பிழை மாதிரி அன்றைக்குத்தான் நேர்ந்தது.

1947இல் ஹால்டேன் இன்னொரு கணக்குப் போட்டார். புதிய பழுதுகள் ஆணிடம் அதிகம் நிகழ்கின்றனவா, பெண்ணிடமா? குடும்ப வரைபடங்களைப் பிரித்துப் பார்த்ததில், ஆணின் விந்தணுவில்தான் மிக அதிகம் என்று தெரிந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து மூலக்கூறு உயிரியல் இதை உறுதிசெய்தது. கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காணப்படும் பழுது 1993இல் அடையாளம் காணப்பட்டது. மரபணுவின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிடும் பழுது அது. அது பெரும்பாலும் ஆணின் உயிரணுவில்தான் நிகழ்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். பெண்ணின் கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் ஒன்றையொன்று அணைத்து நேராக நிற்கின்றன. ஆணிடம் எக்ஸ் தனியாள். துணையில்லாமல் தன்மேலேயே மடங்கிக்கொள்கிறது, சிக்கிக்கொள்கிறது.

ஆக நடந்தது என்ன? பையனின் அம்மா கடத்திதான், உண்மை. மரபணு அவளிடமிருந்துதான் வந்தது, அதுவும் உண்மை. ஆனால் அது பல சமயம் அவளுக்கு வந்தது அவள் அப்பாவின் விந்தணுவில் நேர்ந்த ஒரு மடிப்பால். அவள் அப்பாவுக்கும் நோயில்லை, தெரியவும் தெரியாது. படம் வரையும்போது தாத்தா வெள்ளைச் சதுரமாகவே நிற்பார். புள்ளி அம்மாவின் வட்டத்தில். 'உன் வீட்டு ரத்தம்' என்று மாமியார் சொல்லும்போது அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். மருமகளின் அம்மாமீது, பாட்டிமீது, பெண்வழி முழுவதன்மீதும். வெள்ளைச் சதுரத்தை யாரும் தொடுவதில்லை.

பெண்ணைக் குற்றத்திலிருந்து விடுவித்து ஆணை அங்கே உட்கார வைப்பது என் நோக்கமல்ல. எழுத்துப்பிழைக்கு யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் 1947இலேயே காகிதத்தில் வந்துவிட்ட ஒரு கணக்கு ஏன் பள்ளிப் புத்தகத்தின் அந்தப் பத்திக்குள் நுழையவில்லை என்று கேட்கலாம் அல்லவா? விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன்களுக்கு இடம் இருந்தது. மகாராணியின் முன்னோரிடம் இந்த நோய் தெளிவாகத் தென்படவில்லை, பழுது அவருடைய அப்பாவின் விந்தணுவில் புதிதாக நேர்ந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

இப்போது அந்த அடைப்புக்குறி அப்பாவிடம் வருவோம். அவர் நம் ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம், வாணியம்பாடியோ குடியாத்தமோ. அவருக்குக் கடுமையான ஹீமோஃபிலியா. அவருடைய அம்மா கடத்தி. சொந்தத்தில் பெண் பார்க்கிறார்கள், அக்கா மகள். நம் பக்கம் தாய்மாமனுக்கு உரிமைப் பெண் என்பது எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோயுள்ள மாப்பிள்ளைக்கு வெளியில் யார் பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். சொந்தப் பெண்தான் பொறுத்துப் போவாள்.

பள்ளிக்கூடப் பின்னம் போதும். அக்காவுக்கு அந்த மரபணு வந்திருக்க வாய்ப்பு 1/2. அக்காவின் மகளுக்கு 1/4. அவளுக்குப் பிறக்கும் மகளுக்கு அப்பாவின் ஒரே எக்ஸ் நிச்சயமாக வரும், அது பழுதுள்ளது. அம்மாவின் பழுதுள்ள எக்ஸும் சேர்ந்து வர வாய்ப்பு 1/8. எட்டில் ஒன்று! சொந்தமல்லாத குடும்பத்திலிருந்து பெண் எடுத்திருந்தால் இந்த எண் ஏறக்குறைய பூஜ்யம். 'மிக மிக அரிது' என்ற வாக்கியம் எழுதப்பட்டபோது யாருடைய கல்யாணம் மனத்தில் இருந்திருக்கும்? நிச்சயம் நம்முடையதல்ல. இரண்டு எக்ஸும் பழுதான அந்தப் பெண்ணுக்கு நோய் ஆணுக்கு வருகிற அளவுக்கே கடுமையாக வரும். கூடவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இன்னொன்றும் வரும். சடங்கு சுற்றி, புட்டு சுட்டு, சீர் வைக்கும் நாளில் அந்த வீட்டில் யாராவது ரத்தத்தின் அளவைப் பார்ப்பார்களா?

இந்தக் கேள்வி கற்பனையல்ல. பின்லாந்துக்கு உட்பட்ட ஓலாந்து தீவுகளில் ஹியோர்டிஸ் என்ற சிறுமி இருந்தாள். அவளுடைய குடும்பத்தை ஆராய்ந்த எரிக் வான் வில்லபிராண்ட், 1926இல் புதிய ரத்தக்கசிவு நோய் ஒன்றை எழுதினார். பெண்களும் பாதிக்கப்படுவதை அவர் கவனித்தார். அந்தச் சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயில், ரத்தம் போய் இறந்தாள். நோய்க்கு மருத்துவரின் பெயர் நின்றது.

சரி, ஒரே ஒரு எக்ஸ் பழுதான சாதாரணக் 'கடத்தி'க்கு என்ன? ஒன்றுமில்லை என்றுதான் ஓட்டோ முதல் நம் பாடப்புத்தகம்வரை சொன்னார்கள். இதை உடைப்பதற்கான சாவியைக் கொடுத்தவர் ஒரு பெண், மேரி லயன். கேம்பிரிட்ஜில் படித்தவர். அவர் படித்த காலத்தில் பெண்களுக்கு அங்கே முழுப் பட்டம் கிடையாது, பெயருக்கு ஒரு பட்டம்தான். முழு உரிமை 1948இல்தான் வந்தது. 1961இல் அவர் எலிகளின் ரோம நிறத்தைக் கொண்டு சொன்னது இது: பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது சீட்டுக் குலுக்கல். ஒரு பெண்ணுக்கு நல்ல எக்ஸ் அதிகம் எரியும், இன்னொருத்திக்குப் பழுதானது அதிகம் எரியும். ஆகக் கடத்திகளின் எட்டாம் காரணி சராசரியாகப் பாதி அளவு என்றாலும், ஆளுக்கு ஆள் தாறுமாறாக வேறுபடும். ஒருத்திக்கு முழு அளவு இருக்கலாம். அவள் தங்கைக்குப் பத்து சதவீதம்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் அது லேசான ஹீமோஃபிலியாதான். ஆணுக்கு இருந்தால் அந்தப் பெயரைத்தான் வைப்போம்.

2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 274 கடத்திப் பெண்களைக் கேட்டு எழுதினார்கள். பல் பிடுங்கியபோது, டான்சில் அறுவையின்போது, சின்னக் காயங்களில், மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு ரத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. காரணியின் அளவு 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே இது தெரிந்தது. 2021இல்தான் சர்வதேச ரத்த உறைவு ஆய்வுச் சங்கத்தின் குழு பெயரை மாற்றச் சொன்னது. காரணி 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணைக் கடத்தி என்று சொல்லக்கூடாது, ஹீமோஃபிலியா உள்ளவர் என்றே சொல்ல வேண்டும். அதற்கு மேல் இருந்தும் கசிவு இருந்தால் 'அறிகுறியுள்ள கடத்தி'. ஓட்டோவிலிருந்து எண்ணினால் 218 ஆண்டுகள். பெயர் மாற்றம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மருத்துவமனையில் பெயர் இருந்தால்தான் கோப்பு, கோப்பு இருந்தால்தான் மருந்து.

இப்போது ஆம்பூருக்கு வருகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் எண்ணப்பட்டவை நிறைய. தோல் கழிவால் முழுவதுமோ பகுதியோ பயிருக்கு உதவாமல் போன நிலம் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் என்ற எண் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. ஆம்பூர் அருகே சோளூர் கிராமத்தில் 1983இல் நடந்த ஆய்வு, கழிவுநீரில் 176 வகை வேதிப்பொருள்கள் என்று எண்ணியது. நிலத்துக்கும் நீருக்கும் கணக்கு வந்தது, போராடித்தான் வந்தது. ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் உட்கார்ந்தும் நின்றும் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஷூவின் மேற்பாகத்தை வீட்டில் வைத்துக் கையால் தைத்து ஜோடிக்குச் சில ரூபாய் வாங்குகிறவர்களும் பெண்கள்தான். இவர்களுடைய மாதப்போக்கை எழுதக் கட்டம் உள்ள பதிவேடு எந்தக் கம்பெனியில் இருக்கிறது?

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் ஓர் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மாதத்தில் எட்டு நாள் போகும் என்றார். முதல் மூன்று நாள் கறுப்பு நிறச் சுடிதார்தான். துணியும் பேடும் சேர்த்து வைத்துக்கொள்வார், எழுந்து போனால் வரிசையில் வேலை தேங்கும் என்று. "எங்க அம்மாவுக்கும் இப்டித்தான், எங்க பொண்ணுங்களுக்கு இது ராசி" என்றார். அவருக்கு ஹீமோஃபிலியா மரபணு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அதிகப் போக்குக்கு நூறு காரணம் உண்டு, கட்டி, தைராய்டு, இன்னும் பல. நான் கவனித்தது 'ராசி' என்ற அந்தச் சொல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் தொடர்ந்து வருவதை ஆணிடம் பார்த்தால் மரபுநோய் என்போம். பெண்ணிடம் பார்த்தால் ராசி.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: பெரும்பாடு. சித்த மருத்துவத்திலும் இருக்கிறது. தமிழ் பைபிளில் பன்னிரண்டு வருஷம் ரத்தம் போன பெண்ணைச் சொல்லவும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! அது நோயின் பெயர், பட்ட பாட்டின் பெயரும்கூட. இன்று மருத்துவமனைச் சீட்டில் அது இல்லை. 'ரத்தசோகை' என்று எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கீரை சாப்பிடு, முருங்கை சாப்பிடு என்று உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறோம். வெளியே போவது எவ்வளவு என்று கேட்பது அரிது. இங்கேயும் ஓட்டைப் பானைதான். இதற்கு ஹால்டேன் தேவையில்லை, குழாயடியில் நிற்கும் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

கேட்பதற்குக் கருவி இல்லாமலில்லை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதை வீட்டிலேயே கணிக்க 1990இல் இங்கிலாந்தில் ஒரு படவிளக்கப் பட்டியல் செய்தார்கள். பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்ற படத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டியதுதான். துணி வைக்கிறவர்களுக்கு அந்தப் படம் உதவாது. துணிக்கு ஏற்ற படம் வரைவது ஒரு செவிலியர் கல்லூரி மாணவியின் ஆறு மாத வேலை.

கேட்ட பிறகு கொடுக்க மருந்தும் உண்டு. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை விலை குறைந்தது, அதிக மாதப்போக்குக்கு உலகெங்கும் தருவது. அதைக் கண்டுபிடித்து 1962இல் எழுதியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களுக்கு இது உதவும் என்று உடாகோ நம்பினார். தம் ஊர் மருத்துவர்களை ஆய்வுக்குச் சம்மதிக்கவைக்க அவரால் முடியவில்லை. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வந்தது. பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உடாகோ அதற்கு முந்தின ஆண்டே இறந்துவிட்டார்.

ஆண்களை மட்டும் சேர்த்தது தவறா என்று ஒரு மாணவி கேட்கலாம், நியாயமான கேள்வி. கடுமையான நோய் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். கடும் மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலிசெய்யும் ஆபத்தான முதல்கட்டச் சோதனையில் லேசான நோயுள்ள யாரையும், ஆணோ பெண்ணோ, சேர்ப்பது அறமல்ல. வேலூர்க் குழுவின் தேர்வில் எனக்குக் குறையில்லை. ஆனால் லேசான, மிதமான நோய்க்கென்றே நடந்த எமிசிசுமாப் மருந்துச் சோதனை ஒன்றின் முடிவு 2023இல் வந்தது. 72 பேரில் பெண்கள் மூன்று பேர். அங்கே அந்தச் சமாதானம் செல்லாது. லேசான நோய்தானே பெண்களுக்கு வருவது? அளக்காததால் கோப்பில் இல்லை, கோப்பில் இல்லாததால் சோதனையில் இல்லை, சோதனையில் இல்லாததால் பெண்களுக்கு இது வருவதில்லை என்ற வாக்கியம் மறுபடி அச்சாகிறது.

அளவுகோலும் கேள்விக்குரியதுதான். 'ஆண்டுக்கு எத்தனை கசிவு' என்ற எண் ஆணின் மூட்டுக்காகச் செய்யப்பட்டது. மாதம் எட்டு நாள் போகிறவளுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, 12ஆ, 96ஆ?

இதை வேலூரிடம் கேட்க ஒரு தனி உரிமை உண்டு. திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு அழைக்க வந்து, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போய், மூன்று பெண்களும் இறந்த கதையை ஐடா ஸ்கடர் வாழ்நாளெல்லாம் சொன்னார். அதிலிருந்து வந்ததுதான் 1900இல் வேலூரில் தொடங்கிய ஒரு படுக்கை மருத்துவமனை. 1918இல் தொடங்கியது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்கள் சேர்ந்தது 1947இல். பெண்ணின் ரத்தப்போக்கிலிருந்து பிறந்த கல்லூரி என்று சொன்னால் மிகையில்லை. அங்கே ஒரு பையனுக்கு ஹீமோஃபிலியா என்று தெரியும் நாளில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவள் பெரும்பாலும் அம்மா. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவள். அவளிடம் குடும்ப வரலாறு கேட்கிறார்கள். அவளுடைய காரணி அளவையும் அன்றே பார்க்கலாம். கர்ப்பமாக இருந்தால் அளவு தற்காலிகமாக ஏறிப் பொய் சொல்லும், பிரசவத்துக்குப் பின் இறங்கும், அந்த வாரங்களில்தான் ஆபத்து. ஆகவே கர்ப்பமில்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் மரபணு இல்லை என்று ஆகாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். பையனின் அக்கா தங்கைகளுக்கும் பார்க்க வேண்டும், கல்யாணப் பேச்சுக்காக அல்ல, அவர்களுடைய பல்லுக்காக, பிரசவத்துக்காக, மாதத்துக்காக.

கடைசியாக அந்த ஐந்து ஆண்கள். அவர்களுடைய ரத்தக் குருத்தணுக்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. விந்தணுக்கள் மாற்றப்படவில்லை. அது இந்தச் சிகிச்சையின் நோக்கமும் அல்ல. இனி அவர்களுக்கு மூட்டு வீங்காமல் இருக்கலாம். பிறக்கும் மகன்களுக்கு அப்பாவிடமிருந்து இந்த மரபணு போகாது. பிறக்கும் மகள்கள் ஒவ்வொருவருக்கும் போகும், பின்னம் எதுவும் தேவையில்லை, நூற்றுக்கு நூறு. அவளுக்கு எட்டாம் காரணி 70 சதவீதம் இருக்குமா, 15 சதவீதம் இருக்குமா என்று அவள் அப்பாவின் கோப்பு சொல்லாது. அவள் வயசுக்கு வருவதற்கு முன்னால் யாராவது ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.